நாற்பது தார்ப்பாய்கள்

அத்தியாயம் 7

"கையெழுத்து என்னோடதுதாங்க மேடம். ஆனா தார்ப்பாய் நான் வாங்கல."

நாகேஸ்வரன் இதை நான்காவது தடவையாகச் சொன்னார். நான்கு தடவையும் அதே வார்த்தைகள். பொய் சொல்கிறவன் இரண்டாவது தடவையே கொஞ்சம் ஜோடனை சேர்த்துவிடுவான் என்பது என் அனுபவம்.

ஹம்சத்வனி மேடம் நிமிரவில்லை. அவர் மேஜையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, நாற்பது தார்ப்பாய்களைப் பெற்றுக்கொண்டதாக எழுதிய ஒப்புகைச் சீட்டு. கீழே நாகேஸ்வரனின் கையெழுத்து. இன்னொன்று, மடித்து வைத்த ஒரு நீலத் தார்ப்பாய். அதன் மூலையில் ஆபீஸ்காரர்கள் ஒரு அட்டையைக் கட்டியிருந்தார்கள்: ‘நாற்பதில் ஒன்று.’

"மிச்சம் முப்பத்தொன்பது எங்கே?" என்றார் மேடம்.

"முப்பத்தொம்பதும் இல்லீங்க, நாப்பதும் இல்லீங்க. இது என் வீட்டுப் பாயி. மழை கொட்டுது, மூட்டை நனையுது, வீட்டுக்கு ஓடிப்போயி உருவிக்கிட்டு வந்தேன்."

"கழகத்துச் சரக்கு வீட்டுக்குப் போயி பாத்திருக்கேன்," என்றேன் நான். "வீட்டுச் சரக்கு கழகத்துக்கு வந்து இப்பத்தான் பாக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரமும் இல்லை. காலை மணி பத்தேகால். மாலை ஐந்து மணிக்குத் தணிக்கைக் குழு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நெல் கொள்முதல் கழகத்தின் தஞ்சாவூர் அலுவலகத்தில் மேடம் தணிக்கைத் தொடர்பு அலுவலர். நான் ஃபாஜில், மாயவரத்துக்காரன், அவருடைய உதவியாளன். தணிக்கைக்காரர்கள் எழுத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்கு ‘பாரா’ என்று பெயர். நாங்கள் பதில் எழுதுவோம். பதில் பிடித்துப்போனால் பாராவைக் கைவிடுவார்கள். அதைத்தான் டிராப் என்பது. இருபத்திரண்டு வருடத்தில் மேடம் கையெழுத்துப் போட்ட ஒரு பாராகூட டிராப் ஆகாமல் இருந்ததில்லை. அலுவலகத்தில் அவரைப் பார்த்தால் பெரிய அதிகாரிகளே எழுந்து நிற்பார்கள். எல்லாருக்கும் எங்கேயாவது ஒரு பாரா இருக்கிறது.

இந்தப் பாரா சின்னது. போன மாதம் குறுவை அறுவடையில், நன்னிலம் பக்கத்துக் கொள்முதல் நிலையம் ஒன்றில் ஆயிரத்து நானூறு மூட்டை நெல் மழையில் நனைந்து முளைத்துவிட்டது. அடுக்கின் மேல் ஒரே ஒரு நீலப் பாய் கிடந்ததைத் தணிக்கைக் குழு படம் எடுத்தது. நாற்பது தார்ப்பாய் கொடுத்ததாகச் சீட்டு இருக்கிறதே, எங்கே என்று கேட்டது. பொறுப்பு யார் மேல் என்று கேட்டது.

மண்டல மேலாளர் சாய்ராம் பதிலைத் தயாராகவே வைத்திருந்தார். அந்த நிலையத்துக்குப் பதினோரு வருடமாக அறுவடைக்கு அறுவடை வேலைக்கு வரும் பட்டியல் எழுத்தர் நாகேஸ்வரனின் பெயரை நிரந்தரமாக நீக்குவது. தார்ப்பாய்களை விற்றுவிட்டார் என்று போலீசில் புகாரும் கொடுப்பது. மேடம் கையெழுத்துப் போட்டால் போதும்.

"ஃபாஜில், இந்தச் சீட்டுல என்ன தெரியுது?"

"ரெண்டு எழுத்துப்பிழை மேடம். அதனால நம்ம ஆபீஸ்ல எழுதினது."

"அது எனக்கும் தெரியும். ஓட்டையைப் பாருங்க."

கோப்பில் நாடா கோக்க இடது மேல் மூலையில் போடுகிற ஓட்டை. முதல் வரியில் ‘நாற்பது’ என்ற சொல் அந்த இடத்தில்தான் வந்தது. ‘நாற்’ என்று எழுதி, ஓட்டையைத் தாண்டி, ‘பது’ என்று எழுதியிருந்தது. ஒரு எழுத்தும் சேதமாகவில்லை.

"எழுதின காயிதத்தைத்தான் நாம ஓட்டை போடுவோம்," என்றார் மேடம். "மெஷினுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்தையாவது தின்னுடும்."

"நம்ம கோப்புல பாதிப் பேருக்கு இனிஷியலே கிடையாது."

"இங்க ஓட்டை மொதல்ல வந்திருக்கு. எழுத்து அப்பறம் வந்திருக்கு. நாகேஸ்வரன், வேலைக்குச் சேரும்போது என்னென்ன எழுதிக் கொடுத்தீங்க?"

"விண்ணப்பம், ஜாமீன் பத்திரம். அப்பறம் வெள்ளைத்தாள் ரெண்டுல அடியில கையெழுத்து. எல்லாத்தையும் ஓட்டை போட்டு என் கோப்புல கோத்து வச்சுக்கிட்டாங்க."

"வெத்துத் தாள்லயா?"

"எல்லாருந்தாங்க போடுவோம். ‘ஏதாச்சும் அவசரம்னா ஒவ்வொரு தடவையும் நன்னிலத்துலேர்ந்து ஓடி வருவியா’ம்பாங்க. நமக்கும் பஸ் செலவு மிச்சம்."

அவர் அதை நன்றியோடு சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல்தான் வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மேடம் நீலப் பாயை என் பக்கம் தள்ளினார். "மோந்து பாருங்க."

"இது என் வேலை விவரத்துல இல்ல மேடம்."

மோந்து பார்த்தேன். புகை. நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் கரி படிந்திருந்தது. வருடக்கணக்கில் படிந்த கரி.

"நெல்லு மூட்டைக்கு மேல எவனும் அடுப்பு வைக்க மாட்டான்," என்றேன்.

"ஜீப்பை எடுங்க," என்றார் மேடம்.

*

கொரடாச்சேரி தாண்டியதும் பாதி ரோட்டை நெல் பிடித்துக்கொண்டது. ஈரம் போகாத நெல்லை மையைப் போன்ற மேகத்துக்குக் கீழே காயவைத்திருந்தார்கள். கொள்முதல் நிலையங்களின் வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. கழகத்தின் பெயர் எழுதிய எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டியபடி எழுந்து ஏதோ சொன்னார். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவர் சொன்னதை ஊகிக்கப் பெரிய துப்பறிவாளன் தேவையில்லை.

நாகேஸ்வரனின் மனைவி மதுரம், அடுப்பங்கரையில் குனிந்து நின்றிருந்தார். ஓட்டு வீட்டோடு ஒட்டிய ஒரு சாய்ப்பு அது. மேலே மூங்கில் கழிகள் மட்டும் இருந்தன. அவற்றின் மேல் பழைய சாக்குகளைத் தைத்துப் போட்டிருந்தார். ஒரு சாக்கிலிருந்து நேற்றைய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாயைக் கேக்க வந்தீங்களா, ஆளைக் கேக்க வந்தீங்களா?" என்றார். "ரெண்டையும்தான் நீங்களே வச்சிருக்கீங்களே."

"பாய் இங்கதான் கெடந்துச்சாம்மா?"

"ஆறு வருஷமா. புயலுக்கு அப்பறம் நான் கடையில பாத்து வாங்கினது. இந்த மனுசன் மழையில ஓடி வந்தாரு, ஏறினாரு, உருவினாரு. உலையில தண்ணி விழுந்து அடுப்பே அணைஞ்சு போச்சு. நான் கத்துறேன், ‘ஊரு நெல்லு நனையுதுடி’ங்கறாரு. ஊரா வந்து இப்ப எனக்குக் கூரை போடுது?"

மேடம் கழிகளை அண்ணாந்து பார்த்தார். மூலைக் கழியில் ஒரு கயிற்றுத் துண்டு தொங்கியது. மஞ்சள் நைலான், அவசரத்தில் அறுத்தது. ஆபீஸில் இருந்த பாயின் மூலையிலும் மஞ்சள் நைலான் துண்டு இருந்ததை நானும் பார்த்திருந்தேன். அது அவிழ்க்கப்படாமல் அறுக்கப்பட்டிருந்தது. மேடம் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"மழைக்கு முன்னாடி தார்ப்பாய் கேட்டாராம்மா?"

"கேக்காம? லெட்டர் போட்டாரே. மேகம் கூடுது, நாப்பது பாயி வேணும்னு தஞ்சாவூருக்குப் போட்டாரு. பதில் வரும்னு தெனமும் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு."

"யாரு பேருக்கு?"

"மேனேஜருக்குத்தான். வேற யாரைத் தெரியும் அவருக்கு?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேனேஜர் சாய்ராமின் முகத்தை நினைத்துக்கொண்டு உற்சாகமாகத் தலையாட்டினேன். வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன்.

*

கிடங்கு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். கிடங்குக் காப்பாளர் ஹமீதா பானு சாவிக்கொத்தைக் கையை விட்டு இறக்காமல் எங்களை உள்ளே கூட்டிப்போனார். வலது மூலையில் கறுப்புத் தார்ப்பாய்கள், கம்பெனி கட்டிய கட்டு பிரியாமல், இரண்டு அடுக்காக இருந்தன. மேல் அடுக்கில் அவருடைய சாப்பாட்டுக் கூடையும் ஒரு செய்தித்தாளும் இருந்தன. அதுதான் அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம்.

"நாப்பது. எண்ணிக்குங்க," என்றார்.

எண்ணினேன். நாற்பது.

"வித்துப்போன சரக்கு நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. "மழை வந்தப்ப இதை ஏன் அனுப்பல?"

ஹமீதா பானு சுவரைக் காட்டினார். அங்கே பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு உத்தரவு ஒட்டியிருந்தது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தார்ப்பாய் எதையும் கிடங்கை விட்டு வெளியே விடக் கூடாது.

"முன்னாடியெல்லாம் அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தோம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி வெளியில போன பாயெல்லாம் கிழிஞ்சு வந்துச்சு. ஆடிட்ல பாரா போட்டுட்டாங்க. அப்பறம் இந்த ஆர்டர் வந்துச்சு. அன்னிலேர்ந்து ஒண்ணுகூடக் கிழியல மேடம்." அதில் அவருக்கு உண்மையாகவே பெருமை இருந்தது.

"வெளியில நெல்லு முளைச்சிருச்சேம்மா," என்றேன்.

"நெல்லு என் சார்ஜ் இல்லீங்க."

அந்தப் பதிலை நான் எங்கள் அலுவலகத்தில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நானே சொல்லியும் இருக்கிறேன். கிடங்கில் கேட்கும்போதுதான் காது கூசியது.

"இன்னொண்ணு மேடம்," என்றார் ஹமீதா பானு. "முந்தாநேத்து மேனேஜர் சார் போன் பண்ணாரு. நாப்பதையும் போன மாசத் தேதியில வெளியேத்தின மாதிரி பதிவேட்டுல எழுதுங்கன்னாரு. எழுத்துல கொடுங்க சார்னேன். போனை வச்சிட்டாரு."

"அதையே நீங்க எழுத்துல கொடுப்பீங்களா?"

"கேட்டுப் பெற்றதுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, கொடுப்பேன்."

மேடம் எழுதிக் கொடுத்தார். ஹமீதா பானு எழுதிக் கொடுத்தார். டெல்டாவில் எல்லாரும் இப்படி எழுத்தில் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நெல் முளைத்தது.

*

மூன்றே முக்கால் மணிக்குச் சாய்ராமின் அறைக்குள் நுழைந்தோம். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன். மேடம் சீட்டை, கயிற்றுப் படத்தை, ஹமீதா பானுவின் கடிதத்தை வரிசையாக மேஜையில் வைத்தார்.

"வெத்துத் தாள்ல எழுதினது நீங்கதானே சார்?"

"ஆமா," என்றார் சாய்ராம்.

அவ்வளவு சுலபமாக ஒருத்தர் ஒப்புக்கொண்டால் துப்பறிகிறவனுக்கு அவமானமாகத்தான் இருக்கும். அவர் இழுப்பறையைத் திறந்தார்.

"கெடங்குச் சுவத்துல ஆர்டர் பாத்தீங்கல்ல? அதுல மேல ‘பார்வை’ன்னு ஒரு வரி இருக்கும். யாரும் படிக்க மாட்டாங்க. எதை வச்சு அந்த ஆர்டர் போட்டோம்னு அதுல இருக்கும். இதை வச்சுத்தான்."

அவர் வெளியே எடுத்து வைத்தது ஒரு தணிக்கைப் பதில். கிழிந்த தார்ப்பாய்கள் பற்றிய பாராவுக்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் பிரிவு அனுப்பியது. கடைசி வரியின் கீழே அவரே பென்சிலால் கோடு போட்டிருந்தார். ‘இனிவரும் காலங்களில் தணிக்கைத் தொடர்புப் பிரிவின் கருத்தைப் பெற்று, எழுத்துப்பூர்வ அனுமதி வழங்கிய பின்னரே தார்ப்பாய்கள் வெளியே அனுப்பப்படும்.’ அடியில் ஹம்சத்வனி மேடத்தின் அழகான கையெழுத்து.

"அந்தப் பாரா டிராப் ஆச்சு," என்றார் சாய்ராம். "ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம்."

மேடம் அந்த வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். அந்த வரியை அவர் யோசித்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பாராவுக்கும் கடைசியில் இப்படி ஒரு வாக்குறுதியைச் சேர்ப்போம். ‘இனிவரும் காலங்களில்’ என்று ஆரம்பித்தால் தணிக்கைக்காரர்களுக்கு மனம் இளகும். இனிவரும் காலத்தில் மழையும் வரும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

"நாகேஸ்வரன் லெட்டர் போட்டிருக்காரு," என்றேன் நான். குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "அதை நீங்க அமுக்கிட்டீங்க."

"நானா?" சாய்ராம் இரண்டாவது காகிதத்தை எடுத்தார். "எனக்கு வந்துச்சு. ஆர்டர்படி கருத்துக் கேட்டு உங்க பிரிவுக்கு அன்னிக்கே அனுப்பிட்டேன். முந்தாநேத்து உங்க அலமாரியிலேர்ந்துதான் எடுத்துக்கிட்டு வந்தேன்."

கோடு போட்ட தாளில் நாகேஸ்வரனின் குண்டு எழுத்து. ‘மேகம் கூடி வருகிறது. காற்று மாறியிருக்கிறது. நாற்பது தார்ப்பாய் அவசரம்.’ மழைக்குப் பதினெட்டு நாள் முந்தைய தேதி. மேல் ஓரத்தில் எங்கள் பிரிவின் ரப்பர் முத்திரை: ‘கோப்பில் சேர்க்கவும்.’ அதற்குப் பக்கத்தில் ஒரு சுருக்கக் கையெழுத்து.

என்னுடையது.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. போட்டது யார் என்றுகூடப் பார்க்காமல் லெட்டரைத் தூக்கிக் காட்டி, மேகத்தைப் பார்த்து லெட்டர் எழுதுகிற ஆள் அடுத்து பஞ்சாங்கமே போட்டுவிடுவார் என்று சொன்னேன். பிரிவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முத்திரையைக் குத்தினேன். நாலு மாதமாக யாரும் எதற்கும் கருத்து எழுதுவதில்லை. கருத்து எழுதினால் பொறுப்பு வரும்.

"ஒரு சீசன் ஆளு போனா நாம மூணு பேரும் பொழைப்போம் மேடம்," என்றார் சாய்ராம். அவர் மிரட்டவில்லை. ரொம்பக் களைப்பாகத்தான் சொன்னார். "மார்ச்சுல உங்களுக்கு ரிட்டயர்மென்ட். இந்த நேரத்துல சார்ஜ் மெமோ வந்தா பென்ஷனை நிறுத்திடுவாங்க. ஃபாஜில் சின்னப் பையன், நேத்துதான் பிரமோஷன் லிஸ்ட்ல பேரு வந்துச்சு. கையெழுத்தைப் போடுங்க. மணி நாலேகால்."

வெட்கம் என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு முதலில் வந்தது பயம். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டால் நல்லது என்று ஒரு கணம், முழு மனதோடு நினைத்தேன்.

மேடம் ஒரு வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டார். மேலிருந்து எழுத ஆரம்பித்தார். தார்ப்பாய்கள் கிடங்கிலேயே இருக்கின்றன. சீட்டு பொய். காரணம், தணிக்கைத் தொடர்புப் பிரிவு கொடுத்த வாக்குறுதி. ‘பொறுப்பானவர்கள்’ என்று எழுதி, முதலில் தன் பெயரைப் போட்டார். இரண்டாவதாகச் சாய்ராம். பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"உங்க பேரை எழுதட்டுமா ஃபாஜில்?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் இது. அன்றைக்கு இரண்டு சொல்தான் வந்தது.

"எழுதுங்க மேடம்," என்றேன்.

"இதை நான் மேல அனுப்ப மாட்டேன்," என்றார் சாய்ராம்.

"வேணாம் சார். ஆடிட் ரூம் பக்கத்துலதானே இருக்கு."

*

தணிக்கை அதிகாரி வானதி பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். பதிலை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். ஒப்புகைச் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ‘நாற்’ என்பதற்கும் ‘பது’ என்பதற்கும் நடுவே இருந்த ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தார்.

"நாகேஸ்வரன் பேரை எடுத்துடறேன். புகாரும் போகாது," என்றார். "ஆனா இந்தப் பாரா டிராப் ஆகாதுங்க மேடம்."

"ஆக வேண்டாம்."

"உங்களுக்கு இதுதான் முதல் தடவைன்னு சொன்னாங்க."

"முதல் தடவையா உண்மையா எழுதியிருக்கேன்," என்றார் மேடம். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அவர் பார்க்கவிடவில்லை. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

நாகேஸ்வரன் காலையில் உட்கார்ந்த பெஞ்சிலேயே இருந்தார். பேர் தப்பியது என்று சொன்னேன். யாரால் மாட்டினார் என்பதையும் சொன்னேன். லெட்டர், முத்திரை, பஞ்சாங்கம், எல்லாவற்றையும்.

"லெட்டர் வந்து சேந்துச்சா," என்றார். "அதுவே வரலன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அடித்திருந்தால்கூடத் தேவலை.

வெளியே முதல் தூறல் விழுந்தது. அவர் எழுந்தார். "அந்தப் பாயைக் கொடுத்தீங்கன்னா அஞ்சரை பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். மதுரம் ராத்திரிச் சோத்துக்கு உலை வச்சிருக்கும்."

அது தணிக்கை ஆதாரம். வெளியே விட மூன்று பேரின் அனுமதி வேண்டும். மேடம் உள்ளே போய், ‘நாற்பதில் ஒன்று’ என்ற அட்டையை அறுத்துப் போட்டுவிட்டு, பாயைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தார்.

"கையெழுத்து போடணுமில்லீங்க?" என்ற நாகேஸ்வரன், யாரும் கேட்காமலே என் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். அடியில், பதினோரு வருடப் பழக்கத்தில், சரசரவென்று கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மேடம் அதை வாங்கி நாலாகக் கிழித்தார். இன்னொரு தாளை வைத்தார்.

"மொதல்ல மேல எழுதுங்க நாகேஸ்வரன். அப்பறம் கையெழுத்து."

"என்னன்னுங்க எழுதறது?"

"எங்க வீட்டுத் தார்ப்பாயை என்கிட்டயே திருப்பிக் கொடுத்தாங்கன்னு."

அவர் பேனாவை இறுகப் பிடித்து, தாளின் உச்சியில், ஓரத்திலிருந்தே ஆரம்பித்து எழுதினார். படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினார்.

கோப்பில் சேர்க்க, நான் அந்தத் தாளை ஓட்டை போடும் மெஷினில் வைத்து அழுத்தினேன். அது அவருடைய முதல் எழுத்தைத் தின்றுவிட்டது.